கூண்டைத் தூக்கினோம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒற்றைத் துடுப்போடு தொடங்கிப் பதினொரு விசைப்படகு வாங்கினேன். இந்த அணையில் நான் சொல்லி நடக்காத காரியம் கிடையாது. ஆனால் எழுத உட்கார்ந்தது என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் மீன்துறையில் தினக்கூலி. அணைக்குள் பாசி நடுவதுதான் வேலை. வேலம்பாசியைக் களிமண் உருண்டையில் பொதிந்து, இடுப்பளவு தண்ணீரில் காலால் அழுத்தி நட்டு, மேலே கம்பிக்கூண்டு கவிழ்ப்பார். பாசி இருந்தால்தான் மீன் முட்டையிடும், குஞ்சு ஒளிந்து பிழைக்கும்.

முன்பு இங்கே பாசி மண்டிக் கிடந்தது. என் படகு விசிறியில் சுற்றிக்கொள்கிறதென்று, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பாசி தின்னும் புல்கெண்டை மீனை லாரி லாரியாக விட்டவன் நான்தான். இரண்டே வருஷத்தில் அடித்தரை துடைத்துவிட்டது போலானது. ஊரே என்னைக் கொண்டாடியது. அப்புறம் மற்ற மீன்களும் அற்றுப்போயின.

மாப்பிள்ளை மூன்று வருஷம் நட்டதெல்லாம் அழுகியது. நான்காம் வருஷம் ஒரு வளைவில் மட்டும் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கையால் உயரம் காட்டுவார். "பெத்த புள்ள வளந்ததக்கூட இந்த மனுஷன் இப்படிச் சொன்னதில்ல" என்பாள் தங்கை.

அடுத்த மாதம் அதிகாரி வரும்போது பாசிக்குள் குஞ்சு இருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டத்துக்கும் அவர் வேலைக்கும் முழுக்கு.

"கூண்ட எடுங்க மாப்ளே. கதவப் பூட்டி வச்சா தாய்மீன் எப்படி உள்ள வரும்?" என்றேன்.

"இன்னும் ஒரு வருஷம் பரவட்டும் மச்சான். புல்கெண்ட கெடக்கு."

"அதெல்லாம் எப்பவோ செத்து மண்ணாப் போச்சு. விட்டவன் எனக்குத் தெரியாதா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க சொன்னா சரி."

நாற்பது கூண்டையும் இருவருமாகத் தூக்கினோம். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு இலை இல்லை. சேற்றில் வேர் பிடுங்கிய குழிகள் மட்டும். என் தொடை தண்டிக்கு ஒரு கிழட்டுப் புல்கெண்டை, ஆற அமரத் திரும்பிப் போனது.

அதிகாரி படகைவிட்டு இறங்கவே இல்லை.

மாப்பிள்ளை கூண்டுகளைத் துரு தேய்த்துக் கழுவிக் கொட்டகையில் அடுக்கினார். கடைசிக் கூண்டுக்கு நான் கை கொடுக்கப் போனேன்.

"விடுங்க மச்சான். நீங்க தூக்குனது போதும்."

அதன்பிறகு அவர் அணைப் பக்கம் வரவில்லை. என் பதினொரு படகும் எதிலும் சிக்காமல் ஓடுகின்றன.