முதல் வரிக்கு முந்திய வரி

பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமா என்னைப் பற்றி ஒரே ஒரு பெருமைதான் சொன்னார். "நம்ம பையன் எழுதினத வெளிநாட்டுக்காரன் படிச்சிக்கிட்டிருக்கான்." பொய் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் தற்காலிக வேலையில் இருந்தேன். பத்திரிகையோடு வந்த சிடியில், பிரின்டரை இயக்கும் ஒரு இலவச மென்பொருள் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், கையேட்டில் சேர்க்க எழுதியும் அனுப்பலாம். அதை ஓட்ட, நாலு வரியில் ஒரு ஃபைல் எழுத வேண்டும். நான் எழுதினால் மட்டும் "முதல் வரியில் பிழை" என்று நின்றுவிடும். ஒரு மாதம் முதல் வரியோடு மல்லுக்கட்டினேன். அதில் ஒரு குற்றமும் இல்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தேன். புது ஃபைல் திறக்கவே கூடாது. சிடியில் இருக்கும் மாதிரி ஃபைலை நகலெடுத்து, பெயரை மாற்றி, ஒவ்வொரு வரியாக அழித்து அந்த இடத்தில் நம் வரியை அடிக்க வேண்டும். நடுவில் இரண்டு தடவை மெஷினை அணைத்துப் போட வேண்டும். மொத்தம் பதினோரு படி. அச்சுப்பிசகாமல் செய்தால் ஓடியது. அதை ஆங்கிலத்தில் எழுதி, ஜங்ஷனில் ஒரு நெட் சென்டரிலிருந்து அனுப்பினேன். கையேட்டில் சேர்த்து, அடியில் என் பெயரையும் போட்டார்கள். அச்செடுத்து பீரோவில் வைத்தேன், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழுக்கு மேலே.

கல்யாணம் ஆயிற்று. மனைவி கணக்கு டீச்சர். அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரின்டர் வந்தது. சிடியையும் கையேட்டையும் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பதினோரு படியும் எதுக்கு? நான் சும்மா புது ஃபைலத் தொறந்து நாலு வரிய அடிச்சேன். ஓடுது."

"ஓடாது."

"ஓடுதுங்கேன். பேப்பர் வந்து விழுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சனிக்கிழமை அவளை லேபுக்கே கூட்டிப்போனேன்.

"நீங்க அடிங்க, நான் பாக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

புது ஃபைல் திறந்து அடித்தேன். முதல் வரியில் பிழை. "பாத்தியா!" என்றேன். ஒரு மெஷின் ஓடாததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

அவள் திரையையே பார்த்தாள். "உச்சியில ரெண்டுன்னு அடிச்சு, பக்கத்துல ஒரு கோடு போட்டிருக்கீயளே, அது என்ன?"

"பிள்ளையார் சுழி. இங்கிலீஷ் கீபோர்டுல 'உ'வுக்கு எங்க போக?"

"அப்ப அதுதான முதல் வரி?"

"சுழிய யாராவது வரியா எண்ணுவாவளா?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மாதிரி ஃபைல் வேறு யாரோ தொடங்கி வைத்தது. அதில் சுழி போட என் கை போகவில்லை. பதினோரு படியின் ரகசியமும் அவ்வளவுதான். அவள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எழுதி, அந்தப் பதினோரு படிய கையேட்டுலருந்து எடுக்கச் சொல்லுங்க" என்றாள். மூன்று வாரம் எழுதவில்லை. வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்தப் படிகள் போனால் என் பெயரும் போய்விடும். அதை விட்டால் என் பெயர் அச்சில் வந்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையில்தான்.

"கிடந்துட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எங்கனயோ ஒருத்தன் இதப் படிச்சிட்டு ரெண்டு தடவ மெஷின அணைச்சுப் போட்டுக்கிட்டிருப்பான். பாவம், அவனுக்கும் நம்ம பிள்ளையாருக்கும் என்ன சம்பந்தம்?"

எழுதினேன். "இந்தப் படிகள் தேவையில்லை, நீக்கிவிடவும்." காரணம் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை. நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. மாமாவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

புதுக் கையேடு அரைப் பக்கம்தான். அச்செடுத்து வந்து மேஜையில் போட்டேன். அடியில் யார் பெயரும் இல்லை. அவள் எடுத்து முழுக்கப் படித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, உச்சியில் பிள்ளையார் சுழி போட்டாள். அடியில், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில், என் பெயரை எழுதினாள்.

"தாள்ல போட்டா ஒண்ணும் நின்னுராது" என்று சொல்லிவிட்டு, அதைக் கொண்டுபோய் பீரோவில் பழைய இடத்திலேயே வைத்தாள்.