ரெய்யோ பார்த்த கண்றாவிகள்

மனிதர்கள் இவ்வளவு கண்றாவி பிடித்தவர்கள் என்பது ரெய்யோவுக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை குளிர் தேசத்துக் கோட்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலந்துகொண்டு நிம்மதியாக இருந்தான். முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அரை நாள் வேலைக்கு மாறினான். மிச்ச அரை நாளை இணையத்தில் ஒரு படக்கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டினான். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், கேட்பாரில்லை.

பெரிய பொதுக் கிடங்கு அது. யாரும் படம் ஏற்றலாம், யாரும் அதை எடுத்து எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஏறுகிறவற்றைச் சுடச்சுடப் பார்த்துக் குப்பையைக் கழிப்பதற்கு, சம்பளமில்லாத காவல்காரர்கள் உலகம் பூராவும் கொஞ்சம் பேர். அதில் ரெய்யோவும் ஒருவன். வேறு யாரும் செய்யாத வேலையைத் தான் செய்வதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

என்னவெல்லாம் வரும் என்கிறீர்கள்! சொத்தை பிடித்த கால் நகத்தை எல்லாக் கோணத்திலும் எடுத்து ஏற்றுவான் ஒருவன். தின்று மிச்சம் வைத்த தட்டை ஏற்றுவான் இன்னொருவன். தேர்தலில் நிற்கிற ஆசாமி பல்லை இளித்துக்கொண்டு தன்னையே இருபது தடவை ஏற்றியிருப்பான். கண்ணாடி முன் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறவர்களுக்குக் கணக்கே இல்லை. "த்தூ, இதுங்களுக்கெல்லாம் வீட்ல வேலையே இல்லையா?" என்று திரையைத் திட்டிக்கொண்டே ரெய்யோ ஒவ்வொன்றாகத் தள்ளுவான். திட்டுவதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நோய், முதுமை, ரணம் இதெல்லாம் அசிங்கம், எடுத்துவிடுங்கள் என்று எவராவது முறையிட்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சௌனா என்கிற நீராவிக் குளியலறையில் அக்கம்பக்கத்தாரோடு அம்மணமாக உட்கார்ந்து வளர்ந்தவன் அவன். "உடம்பு அருவருப்பில்லை, அதை மறைக்கிறதுதான் அருவருப்பு. படம் இருக்கட்டும்" என்று ஒரு தடவை எழுதினான். மற்ற காவல்காரர்கள் அதை ஆகா ஓகோ என்று மெச்சினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், காபியும் கறுப்பு ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது அந்தப் படம் வந்தது. தலைப்பு, 'முதியோர் இல்லத்தில் காலை உணவு'. திறந்த பொக்கை வாய். தாடையில் கஞ்சி வழிந்து, கழுத்தில் கட்டிய துணியில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ரெய்யோவுக்குக் குமட்டியது. அப்புறம்தான் மேசை மேல் இருந்த இடது கையைப் பார்த்தான். மர அறுவை மில்லில் பாதி போன சுண்டுவிரல். ஏமேலி. அவனைப் பெற்ற அப்பா.

ஏற்றியவர் பெயரைப் பார்த்தான். அக்கா பிர்க்கோ. உடனே போனைப் போட்டான்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அப்பாவ உலகமே வேடிக்கை பாக்குது!"

"பாத்தியா? ஜன்னல் வெளிச்சம் எவ்வளவு அழகா விழுந்திருக்கு!"

"வெளிச்சமாம் வெளிச்சம்! வாயில கஞ்சி வழியுதுடி!"

"வழியத்தான் செய்யும். உனக்கும் ஒருநாள் வழியும். கிறிஸ்மஸுக்கு வந்துட்டுப் போனவன், இப்ப ஐஸெல்லாம் உருகியாச்சு. நேர்ல பாக்க வராதவனுக்குப் படத்துல பாத்தா மட்டும் வலிக்குதோ?"

"எனக்கு வேலை இல்லையா?"

"தெரியாதா உன் வேலை! ஊரான் கால் நகத்த உக்காந்து பாக்குற வேலை. இதுதான்டா இப்ப நம்ம அப்பா. நான் தினம் பாக்கறேன். எடுக்க மாட்டேன், போ."

ரெய்யோ போனை மேசையில் வீசினான். படத்தை நீக்கச் சொல்லிக் கிடங்கில் மனு எழுதினான். பதில் சொன்னவன் டென்மார்க்கைச் சேர்ந்த பிரேபன், பல வருஷமாகக் கூடவே காவல் காக்கிறவன். "என்ன ரெய்யோ இது? உடம்பு அருவருப்பில்லைன்னு நீதானே சொன்ன? நல்ல படம். படத்துல இருக்கிறவரே வேண்டாம்னு சொல்லட்டும், அந்த நிமிஷமே தூக்கிடறேன். வேற வழியில்லப்பா."

தன் வார்த்தையைத் தன் முகத்திலேயே அப்பிவிட்டானே என்று ரெய்யோவுக்கு எரிந்தது. மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. ஞாபகசக்தி மாத்திரை விற்கிற எவனோ ஒரு கயவாளி அந்தப் படத்தை எடுத்து, 'உங்கள் கதியும் இப்படி ஆகவேண்டுமா?' என்று கொட்டை எழுத்தில் போட்டு விளம்பரமாக்கியிருந்தான். நாற்பது வருஷம் மில்லில் உழைத்த மனிதரை ஊருக்கே பூச்சாண்டியாக்கிவிட்டார்கள். ரெய்யோ அன்று கடைக்குப் போகவில்லை. அப்பா வாயால் ஒரு 'வேண்டாம்' வாங்கிவிடுவது என்று நேரே இல்லத்துக்குப் போனான்.

கதவைத் திறந்ததும் அந்த வாடை. மூத்திரமும் சோப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கலந்த வாடை. அதற்குப் பயந்துதான் அவன் வராமலே இருந்தான். வேலை கீலை எல்லாம் சும்மா சாக்கு. பிர்க்கோ அப்பாவுக்கு ப்ளூபெர்ரிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்து, "அடடே, துரை வந்துட்டாரு" என்றாள்.

ரெய்யோ அப்பாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போனில் படத்தைப் பெரிதாக்கி நீட்டினான். "அப்பா, இதப் பாருங்க. இத எல்லாருக்கும் காட்டலாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

ஏமேலி போனை உற்றுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீ! சாப்பிடற நேரத்துல என்னத்தக் காட்டற? யாரு இந்தக் கிழவன்?"

பிர்க்கோவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"வேண்டாம், எடு அத," என்றார் ஏமேலி. ரெய்யோ கேட்க வந்த வார்த்தை கிடைத்துவிட்டது. போனை இழுத்துக்கொள்ளப் போனான். கிழவர் விடவில்லை, இன்னொரு தடவை பார்த்தார். "யார் வீட்டு மனுசனோ, பாவம். படம் புடிச்சவனுக்குக் கை இல்லையா? வாயத் தொடச்சு விட்டா தேஞ்சா போயிடுவான்?"

பிர்க்கோவின் கழுத்து சிவந்துபோயிருந்தது. "எடுத்துடச் சொல்லி நானே எழுதறேன்," என்றாள் மெதுவாக. "புத்தி கெட்டுத்தான் போச்சு எனக்கு."

ரெய்யோ தலையாட்டினான். அப்போதுதான் அவளுடைய பார்வை போகிற இடத்தைக் கவனித்தான். அப்பாவின் தாடையிலிருந்து நீலக் கூழ் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வந்து உட்கார்ந்ததிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் போனை நீட்டியபடி அதற்கு எதிரேதான் இருந்தான்.

பிர்க்கோ துணியை எடுத்தாள், அப்புறம் அவன் மடியில் போட்டாள். "தினம் நான்தான் தொடைக்கிறேன். இன்னிக்கு நீ தொடைடா."

மூச்சை அடக்கிக்கொண்டான். தாடையைப் பிடித்துத் துடைத்தான். கூழ் கன்னத்தில் ஏறி ஈஷிக்கொண்டது. மறுபடியும் துடைத்தான். கிழவருடைய தோல் அவ்வளவு மெல்லியதாக இருக்குமென்று அவன் நினைக்கவில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது.

ஏமேலி அவனுடைய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"பதறாதப்பா, மெதுவா," என்றார். "புதுசா வேலைக்கு வந்திருக்கியா?"

"ஆமா," என்றான் ரெய்யோ. "இன்னிக்குத்தான் வந்தேன்."