சக்கைச் சண்டை

2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, மாலை நாலே கால். பேச்சிப்பாறை மலைப்பக்கம் இடி. குலசேகரத்தில் எங்கள் தெருவில் வெறும் தூறல். பக்கத்து வீட்டுக்காரர் தம் குடையை என்னிடம் நீட்டினார். "அண்ணை, இதை நீங்கள் வச்சிருங்கோ. எனக்கு இனித் தேவைப்படாது."

மழைக்காலத்தில் குடையைத் தானம் செய்கிறவரை என் எழுபத்தெட்டு வயதுக்குள் நான் கண்டதில்லை. பயந்துவிட்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். போருக்குத் தப்பி இங்கே அகதி முகாமுக்கு வந்தவர். ரப்பர் பால் வெட்டிப் பிழைத்து, மனைவியையும் இங்கேயே பறிகொடுத்தவர். முந்தைய வாரம்தான் ஊரிலிருந்து போன் வந்திருந்தது, தம்பி தற்கொலை செய்துகொண்டாரென்று. அன்றைக்குச் சொன்னார்: "சண்டை நடக்கேக்க எங்கட ஒழுங்கையில, அந்தச் சின்னத் தெருவில, ஒருத்தரும் தானாச் சாகேல்லை. உயிரைக் காப்பாத்துறதிலயே பொழுது போச்சு. எல்லாம் ஓய்ஞ்ச பிறகுதான் ஒவ்வொருத்தராப் போகினம். தம்பி மூண்டாவது ஆள்."

சண்டை இருந்தால் ஆள் சாகமாட்டார் என்று கணக்குப் போட்டேன். சண்டை தருவது எனக்குக் கஷ்டமில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

மறுநாள் காலையில் மதிலுக்கு மேலே தலையை நீட்டினேன்.

"ஓய், எனக்க மரத்துல பதினொரு சக்கை கிடந்து. இப்பம் பத்துதான் காணுது. எடுத்தீரா?"

"சக்கையோ? எங்கட பக்கத்தில சக்கையெண்டா வெடிமருந்து. பலாப்பழமெண்டு சொல்லுங்கோ, பொலிஸ் வந்திடும்."

"நீரு களவெடுத்தா பழத்துக்குப் பேரு மாறிருமா?"

"நான் களவெடுக்கவோ! உங்கட பழத்தை மாடும் மோந்து பாராது!"

அவர் முகம் சிவந்தது. எனக்குப் பரம திருப்தி.

ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஏழாம் நாள் நான் கத்தியும் பதில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, பதினொண்டும் மரத்திலதான் இருக்கு. நானும் எண்ணினனான். என்ன விளையாட்டு இது?"

பிடிபட்டுவிட்டேன். இனி நேராகக் கேட்பதுதான் மரியாதை. "செத்துரலாம்னு நெனப்பு உண்டா வே?"

"குடை தந்த அண்டைக்கு இருந்தது. பிறகு, விடிஞ்சா உங்களுக்கு என்ன மறுமொழி குடுக்கலாமெண்டு யோசிக்கவே நேரம் சரி. ஆனா இப்பவும் இடைக்கிட வருது."

இடைக்கிட வருவதைச் சக்கையால் தடுக்க முடியாது. அடுத்த பஸ்ஸில் தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மனநல டாக்டர் அரைமணி நேரம் அவரைப் பேசவிட்டுக் கேட்டார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "நான் ஒழுங்கா வருவன். ஒரு நிபந்தனை. அந்தப் பலாக் கொப்பை வெட்டோணும். மூண்டு வருசமா என்ர கூரை ஓடுகளை உடைக்குது. நீங்கள் சண்டைக்கு வந்தபடியால்தான் வாய் திறக்கிறன்."

தோற்றது நான்தான். கொப்பு வெட்டக் கூலி ஆயிரத்து இருநூறு. ஒன்பது வாரம் இருவருக்கும் பஸ், ஐந்நூற்று எழுபத்தாறு. டீ, இருநூற்றுப் பதினாறு. ஒவ்வொரு தடவையும் தான் கொடுப்பதாகச் சொல்லிக் கடை வாசலில் என்னோடு மல்லுக்கட்டினார். டாக்டருக்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆக மொத்தம் ரூபாய் 1,992.