கடலை வைத்து ஆடிய போக்கர்

அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கப்பலூரில் நாள் முழுக்க லேத் மெஷின் முன்னால் நிற்கிற மனிதர், மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நானோ "அம்மா எப்ப வரும்?" என்று நச்சரித்தபடி இருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போய் ஒரு சீட்டுக்கட்டும் வறுத்த கடலையும் வாங்கி வந்தார்.

மாமா செல்போனில் போக்கர் ஆடித் தேறியவர். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஒவ்வொன்றாக விரிகிற ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் பெரிய கை. ஜெயித்தவருக்கு நடுவில் பந்தயமாகப் போட்ட கடலை முழுதும்.

"ஒனக்கு நாலு இஸ்பேட் சேந்துருச்சு, இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கின்னு வையி. அஞ்சு தடவைக்கு ஒரு தடவைதான் அது இஸ்பேடா வரும். ஒரு கடலை போடணும்னா நடுவுல நாலுக்கு மேல கெடக்கணும். இல்லையா, சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிரு."

வாட்ச்மேன் வந்து முறைத்தார். "காசு இல்லண்ணே, கடலைதான்" என்றார் மாமா. அவர் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குக் கணக்கு பிடித்துப்போயிற்று. கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்துக் கடலை சேர்த்தேன். மாமா அப்பாவையும் இழுத்து உட்கார வைத்தார். ஓர் ஆட்டத்தில் நான் முதலிலேயே கவிழ்த்துவிட்டு அப்பாவின் சீட்டை எட்டிப் பார்த்தேன். நடுவில் இருந்ததோடு சேர்த்து நாலு இஸ்பேட். கடைசிச் சீட்டு பாக்கி. மாமா கொஞ்சம் கடலையைத் தள்ளினார். அப்பா தன்னிடம் இருந்த மொத்தத்தையும் நடுவில் கொட்டினார்.

"கணக்கு ஒத்துவரலப்பா, கவுத்திருங்க!"

"வரும் தாயி" என்றார், ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்தபடி. "வராமப் போயிருமா?"

மாமாவும் அதற்கு ஈடாகக் கடலை வைத்து, கடைசிச் சீட்டை விரித்தார். இஸ்பேட் இல்லை, ஆட்டின். அப்பாவின் முகம் வெளுத்தது. மாமா சட்டென்று தன் சீட்டைக் கவிழ்த்தார். "என்கிட்ட ஒண்ணுமில்ல மச்சான். அம்புட்டும் உங்களுக்குத்தான்."

நான் விடவில்லை. மாமாவின் சீட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டு ராஜா!

"மாமா ஏமாத்துறாரு! அவருதான் ஜெயிச்சாரு!"

மாமா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். அப்பா அந்த ராஜாக்களையே பார்த்துவிட்டு எழுந்து, ஜன்னலோரம் போய் நின்றார். அதற்குப் பிறகு யாரும் ஆடவில்லை. மத்தியானம் நர்ஸ் வந்து, அம்மா கண் விழித்துவிட்டதாகச் சொன்னபோது அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வார்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் வழக்கைச் சொன்னேன். கணக்கு சொல்லிக்கொடுத்தவரே கள்ளாட்டம் ஆடினதை, அப்பாவுக்குக் கணக்கே தெரியாததை.

அம்மாவுக்குக் குரல் சரியாக எழவில்லை. "அப்பா அம்புட்டையுமா போட்டாரு?"

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலம்மா."

வாசலில் சாத்துக்குடிப் பையோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தையல் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.