பிள்ளைக்காம்பராவின் எட்டாம் நம்பர்

தலவாக்கலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் காளியாயிதான் ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தொட்டிலில் ஏழு, தவழ்வது ஆறு, கண்ட பக்கம் ஓடுவது பதினொன்று. இருபத்துநான்கையும் அவள் ஒற்றைக் குரலால் மேய்த்துவந்தாள். அந்தக் குரலுக்குப் பிள்ளைகளை விட, மலையில் வேலை வாங்கும் கங்காணிமார்தான் அதிகம் பயந்தார்கள்.

குரல் போதாத இடத்தில் சட்டம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் வருடம் தோட்ட ஆபீசிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் வந்தது. முழுக்க இங்கிலீஷ். கொண்டுவந்த, ஆபீஸ் கடிதம் சுமக்கும் தப்பால்காரன், "இது காம்பரா ஒழுங்குங்க, மாட்டி வைக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். காளியாயிக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. ஆனால் தாளில் ஏழு நம்பர் இருப்பதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். நல்ல துரை எழுதியிருந்தால் இன்னின்னதுதான் எழுதியிருப்பார் என்று அவளாகவே நிச்சயம் செய்து, பிள்ளைகள் கைக்கும் படித்தவர்கள் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பேச்சே நம்பர்தான். மூன்றாம் நம்பர்: பால் கொடுக்க வரும் தாய் கை கழுவாமல் பிள்ளையைத் தொடக்கூடாது. ஐந்தாம் நம்பர்: சுருட்டோடு யாரும் படியேறக் கூடாது. எல்லாவற்றிலும் கடுமையானது ஏழாம் நம்பர்.

ஒருநாள் மீனம்மாவின் கைக்குழந்தை பசியில் வீறிட்டது. மலைக்கு ஆளனுப்பினால், கொழுந்தை எடை போட்டு முடிக்காமல் தாயை விடமுடியாது என்று கங்காணி செல்லசாமி சொல்லியனுப்பினார். காளியாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக மலைக்கே போய் அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, நீங்களே பால் குடுங்க."

"என்னம்மா இது, வெளையாட்டா?"

"ஏழாம் நம்பருங்க. பிள்ளை பசிச்சு அழுதா அந்த நிமிசமே தாயை விட்டுரணும். துரை எழுதி மாட்டியிருக்காரு, வந்து பாத்துக்கங்க."

செல்லசாமிக்கும் இங்கிலீஷ் தெரியாது. தெரியாதென்று சொல்லவும் மனமில்லை. வேட்டி நனைவதற்குள் மீனம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

ஐம்பத்தேழாம் வருடம் காளியாயிக்கு உதவியாகச் சண்முகவடிவு வேலைக்கு வந்தாள். ஹட்டனில் அக்கா வீட்டில் தங்கி எட்டாவது வரை இங்கிலீஷும் சேர்த்துப் படித்தவள். முதல் வாரத்திலேயே அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. காளியாயி உட்கார மாட்டாள், உட்காரவும் விடமாட்டாள். "உக்காந்த ஆயாவும் தூங்குற காவக்காரனும் ஒண்ணுதான் புள்ள" என்பாள். தேத்தண்ணீரைக்கூட நின்றபடி, ஒரு கையால் தொட்டிலாட்டிக்கொண்டு, ஆறிப்போன பிறகுதான் குடிப்பாள்.

ஒரு பகல், காளியாயி பால் வாங்கப் போயிருந்தபோது, தொட்டில் கயிறு மாற்ற வடிவு பெஞ்சில் ஏறினாள். தாள் கண்ணுக்கு நேரே வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாளிகளில் மணல் நிரம்பியிருக்க வேண்டும். மணல் ஈரமாக இருக்கக் கூடாது. வாளிக்குள் எச்சில் துப்பக் கூடாது. தேயிலை ஃபேக்டரியில் தீப்பிடித்தால் என்ன செய்வதென்ற அறிவிப்பு அது!

வடிவுக்குச் சிரிப்பில் பெஞ்சே ஆடியது. காளியாயி வரட்டும், ஒரு பிடி பிடிக்கலாம் என்று இறங்கினாள். அந்நேரம் செல்லசாமி ஏதோ கேட்க வந்தார். படிக்குக் கீழேயே நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, சுருட்டைத் தூர எறிந்துவிட்டு ஏறினார். உள்ளே மீனம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். வடிவு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு லேடி டாக்டர் காம்பராவைப் பார்வையிட வந்தார். தோட்டத்து மருந்துக்காரர் பிரசவம் பார்க்கப் போயிருந்ததால் டாக்டரின் இங்கிலீஷை வடிவுதான் தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சுத்தமான தரையையும் வரிசையாகத் தொங்கிய தொட்டில்களையும் பார்த்த டாக்டருக்குச் சந்தோஷம்.

"இவ்வளவு ஒழுங்கு எப்படி வந்தது?"

காளியாயி பெருமையாகச் சுவரைக் காட்டினாள். "எல்லாம் சட்டப்படிங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் ஏறினார். டாக்டர் வாசித்தார், திரும்பிக் காளியாயியைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"நான்காம் நம்பர் என்னவென்று கேள்."

"பேதியான பிள்ளையோட தொட்டித் துணியை வெந்நியில அவிக்காம அடுத்த பிள்ளைக்குக் கட்டக்கூடாது" என்று காளியாயி மூச்சு விடாமல் சொன்னாள்.

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒன்றிலிருந்து ஏழுவரை கேட்டு எழுதினார். "இவ்வளவுதானா?" என்றார் வடிவிடம்.

வடிவு தன் வீங்கிய கால்களைப் பார்த்தாள். "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று இங்கிலீஷிலேயே மெல்லச் சொன்னாள்.

டாக்டர் பழைய தாளைக் கையோடு கழற்றிக்கொண்டு போனார். "பழசாயிருச்சுல்ல, புதுசு குடுப்பாங்க" என்றாள் காளியாயி. வடிவு ஆமாமென்று தலையாட்டினாள்.

மூன்று வாரத்தில் புதுத் தாள் வந்தது. இந்த முறை தமிழிலும் அடித்திருந்தார்கள். தாய்மாரும் செல்லசாமியும் கூடி நிற்க, மருந்துக்காரர் உரக்க வாசித்தார். ஒவ்வொரு நம்பருக்கும் காளியாயி, "நான் சொல்லல?" என்கிற மாதிரி கங்காணியை ஒரு பார்வை பார்த்தாள். ஏழு முடிந்ததும் திரும்பி நடந்தாள்.

"எட்டு," என்றார் மருந்துக்காரர். "ஆயாக்கள் மாறி மாறிப் பத்து நிமிடம் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும்."

காளியாயி நின்றாள். "எட்டு ஏது?"

"கொழும்புல புதுசா சேத்துட்டாங்க போல, அக்கா" என்றாள் வடிவு, ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"என்னாத்துக்கு இந்தச் சட்டம்? கிறுக்குத்தனமா இருக்கு!"

"அப்ப துரைகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லலாமா? ஒண்ணை எடுத்தா மத்ததையும் எடுப்பாங்களே."

செல்லசாமியின் முகம் மலர்வதைக் காளியாயி பார்த்தாள். "எவ எடுக்கச் சொன்னா? சட்டம்னா சட்டந்தான்."

அன்று பத்து மணிக்கு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், ஊசி போட்டுக்கொள்ள வந்தவளைப் போல விறைப்பாக. எந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு தொட்டிலில் முனகல் கேட்டு எழப்போனவளை வடிவு தோளைப் பிடித்து அமுக்கிவிட்டு, தானே போய் ஆட்டினாள்.

காளியாயி கோப்பையை வாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"என்னா புள்ள, இம்புட்டுச் சூடா இருக்கு!"