குழாய்க்குள் இறங்காத ஆளைத் தேடிய தசரதன்

இது சத்தியமாக நடந்த கதை. நடந்ததை மட்டும் சொன்னால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்பதால் அங்கங்கே கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னேன். ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் அன்று கேட்டவர்களுக்கும் அது தெரியும்.

ஒல்லி உடம்பால் ஸ்கெலட்டன் என்று பேர் வாங்கிய தசரதன், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடுகிறவரை உள்ளே இறங்கி வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு ராஜஸ்தானில் ஓர் எண்ணெய்க் கிணற்றில் கேட் காவல் கிடைத்தது. சமையலுக்கு மச்சான் மனோகரையும் கூட்டிப் போனார்.

அங்கே இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, மணல் கலந்த தண்ணீரை அழுத்தி அனுப்பிப் பாறையைப் பிளப்பார்கள். பிளவு வழியாக எண்ணெய் வரும். பம்ப் கிளம்பினால் பக்கத்து மாவட்டத்து ஒட்டகமெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளும். குழாய் வெடித்தாலும் வெடிக்கும்; அந்த நேரம் அதன் பக்கம் ஈகூட நிற்கக் கூடாது.

முதல் மாதம் சோதனை மாதம். தப்பு செய்தால் ஊருக்கு ரயில்.

சுரங்கத்தில் இறங்குகிறவன் டோக்கன் வாங்குவான், மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவான். ஆணி காலி என்றால் ஆள் கீழே. தசரதனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சோடா மூடியில் ஓட்டை போட்டு நாற்பது டோக்கன் செய்து, கேட்டில் நாற்பது ஆணி அடித்து, உள்ளே போகிறவர்களுக்குக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

ஒருநாள் பம்ப் கிளம்பும் நேரம். எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்றார்கள். ஓர் ஆணி காலி.

"நிறுத்துங்க! ஒரு ஆள் கீழ இருக்கான்!"

எஞ்சினியர் கிரண் பெங்களூர்க்காரர்; கன்னடம் கலந்துதான் பேசுவார். "ஏன்ரீ, குழாய் அகலம் சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்ல. எவன் இறங்குவான்?"

"எங்க ஊர்ல ஒல்லி ஆளுங்க ஜாஸ்தி சார்."

"பம்ப் நின்னா இன்னிக்கே உங்களுக்கு ரயில்!"

வேலை போனால் பெண்டாட்டி ரத்தினம்மா முகத்தில் எப்படி முழிப்பது? ஆனாலும் தசரதன் பம்ப் சுவிட்சுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "ஆணி ரொம்பாம வேல நடக்காது சார்."

பிறகு எழுந்து ஓடி, ஸ்பேனரால் குழாயைத் தட்டினார். "கீழ யாருப்பா? பயப்படாத!"

பதிலுக்கு ஒரு குறட்டை வந்தது. குழாய்க்குப் பின்னால், நிழலில், கரண்டியைத் தலைக்கு வைத்து மனோகர் தூங்கிக்கொண்டிருந்தான்.

கிரண் முகம் வெளுத்துப்போனது. ரயில் பேச்சே எடுக்கவில்லை. "நாளையிலிருந்து எனக்கும் ஒரு மூடி குடுங்க" என்றார்.

இதை நான் சொல்லி முடித்ததும், டீக்கடை மூலையில் தசரதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனோகர் அவரிடம் எகிறினான். "இன்னா மாமா, கேட்டுக்கினு சும்மா குந்தினுகீற? நான் எங்க தூங்கினேன்? வெங்காயம் உரிச்சேன்!"

"கண்ண மூடிக்கினா மச்சான்?" என்றார் தசரதன்.

"எரியுதில்ல!"

"அப்போ அந்தக் குறட்டை?"

"அது பம்ப் சத்தம்!"

"பம்புதான் கிளம்பவே இல்லியே!"

கடைக்காரர் சம்பங்கி தசரதன் பக்கம் சேர்ந்தார், மீதிப் பேர் மச்சான் பக்கம். முதல் டம்ளர் என் தலைக்கு மேல் பறந்தது.