மருதாயி எடுக்க வேண்டிய அடி

இன்று வாலிகண்டபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்கு ஒப்பாரி பாடக் கூப்பிட்டிருந்தார்கள். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பெரம்பலூர் பஸ், வழியெல்லாம் நின்று நின்று கொண்டுபோய் விட்டது.

நானும் மருதாயியும் ஜோடியாகத்தான் பாடுவோம், உங்களுக்குத் தெரியும். முதல் அடி என்னுடையது, அடுத்த அடி அவளுடையது. அவள் எடுக்கும்போதுதான் நான் மூச்சு விடுவேன். போன மாசியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று முதல் அடியைப் பாடிவிட்டுப் பழக்கத்தில் நிறுத்தினேன். யாரும் எடுக்கவில்லை. வீடே என்னைப் பார்த்தது.

செத்தவரின் மகள் குனிந்து, "என்ன ஆத்தா, பாட்டு மறந்துபோச்சா?" என்றாள்.

"எனக்கா? உங்க அப்பத்தா சாவுக்குப் பாடினதக்கூட இப்ப பாடுவேன். இது மருதாயி அடி, தாயி."

"அவங்கதான் இல்லியே. நீயே சேத்துப் பாடிடு ஆத்தா."

அவள் அடியை என் வாயால் இதுவரை பாடியதில்லை. தொடங்கியதுமே தேம்பித் தேம்பி அழுதேன்.

கிளம்பும்போது அந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்காக இப்புடி உருகி யாரும் அழல ஆத்தா."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தன்னைப் பெற்ற தாய் சாவுக்குப் பொழுதுக்கும் பாடிய எங்களை, ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பிய மனுஷன் அவர். திரும்பும் வழியில் மருதாயி மயங்கி விழுந்தாள். நான் மறப்பேனா?

இப்போது மேலே போய், "உன் ஜோடி எனக்காக அழுதாள்" என்று அவளிடமே பீற்றிக்கொள்வார். அவள் நம்பிவிடுவாளா, நீங்களே சொல்லுங்கள்.